ஒரு அறைக்கு நாலு பேர்

சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸ் ஸ்டாப்பில் இறங்கி, ஜெராக்ஸ் கடைகளையும் மனு எழுதித் தருகிறவர்களின் மேஜைகளையும் தாண்டி உள்ளே நடந்தால், ஒரு பழைய வாடகைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் என் அறை இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் அங்கே உட்கார்ந்திருப்பேன். புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுக்கும் குழந்தைகளின் குடும்பங்களோடு பேசுவது என் வேலை. ஊசி, மருந்து எல்லாம் மதுரையில், பெரிய ஆஸ்பத்திரியில். இங்கே பேச்சு மட்டும்தான்.

ஒரு குழந்தைக்கு இப்படி ஒரு நோய் வந்தால் வீடே சேர்ந்து படுத்துவிடுகிறது. யார் யாரிடம் எதைச் சொல்லாமல் வைத்திருக்கிறார்கள், யார் யாரைக் குறை சொல்கிறார்கள், கூடப் பிறந்த பிள்ளையை யார் பார்க்கிறார்கள், இதையெல்லாம் எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேச வைப்பதற்குத்தான் குடும்ப ஆலோசனை என்று பெயர். என் வீட்டுக்காரர் அதை ‘ஊரார் வீட்டுப் பஞ்சாயத்து’ என்பார். சொந்த வீட்டில் நானே சண்டையை ஆரம்பிக்கிறேன் என்பது அவருடைய வருத்தம். அதில் பொய்யில்லை. எனக்குப் பொசுக்கென்று கோபம் வரும். இந்தத் தொழிலுக்கு அது ஆகாது என்று தெரிந்தும் இருபது வருஷமாக அதை வைத்துக்கொண்டுதான் காலம் தள்ளுகிறேன்.

போன சித்திரை வெயிலில் மதுரை டாக்டர் போனில் கூப்பிட்டார். ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துக் குழந்தை ஒன்று, எட்டு வயசுப் பெண், ரத்தப் புற்றுநோய். எட்டு மாதமாகச் சிகிச்சை நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. இப்போது முதுகில் போடுகிற ஊசிக்கு மட்டும் வரமாட்டேன் என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்கிறாள். இரண்டு தடவை போடாமலே திருப்பி அனுப்பியாயிற்று. இந்த ஊசி இப்படியே தவறிக்கொண்டு போனால் நோய் மூளைப் பக்கம் திரும்பி வரலாம். “வலிக்கு அழுற பிள்ளை இல்ல இது. முதல்லயெல்லாம் பேசாமப் படுத்துக்கிட்டா. வீட்டுல என்னமோ சரியில்ல. பாருங்க” என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மாவும் பெண்ணும் வந்தார்கள். அம்மாவுக்கு முப்பது வயசு இருக்கலாம். மகளுக்குக் குடை பிடித்துத் தன் பாதி உடம்பை வெயிலில் விட்டுக்கொண்டு வந்தாள். பெண் தலையில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்கள் என் அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தன. நான் கேட்ட எதற்கும் பதில் இல்லை.

பேசாத பிள்ளைகளுக்கென்று என்னிடம் ஒரு அட்டைப்பெட்டி நிறைய வெறும் தீப்பெட்டிகளும், மருந்து முக்காத வெறும் குச்சிகளும் உண்டு. எங்கள் பக்கத்தில் அதற்குப் பஞ்சமில்லை. “உன் வீட்டைச் செஞ்சு காட்டு. குச்சியெல்லாம் ஆளுங்க” என்று சொல்லித் தரையில் கொட்டினேன்.

அவள் வெகு நேரம் எடுத்துக்கொண்டாள். மற்ற பிள்ளைகள் பெட்டிகளை ஒட்டி ஒட்டி வைத்து வீடு கட்டுவார்கள், மேலே மாடி வைப்பார்கள். இவள் ஒவ்வொரு பெட்டியையும் ஒரு சாண் தள்ளித் தள்ளி வைத்தாள். ஒன்றில் அப்பா, ஒன்றில் அம்மா, ஒன்றில் அக்கா. கடைசிப் பெட்டியை எழுந்துபோய்ச் சுவரோரம் வைத்து, அதில் ஒரு குச்சியைப் போட்டு மூடினாள்.

“அது யாரு?” என்றேன்.

“நான்” என்றாள். அன்றைக்கு அவள் பேசிய ஒரே வார்த்தை அதுதான்.

எனக்குப் பாவமாக இருந்தது. அதே சமயம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உள்ளுக்குள் ஒரு சின்னத் திருப்தியும் வந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்ற திருப்தி. அம்மாவைத் தனியாக அழைத்து, அடுத்த வாரம் வீட்டுக்காரரையும் பெரிய பெண்ணையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன்.

“நான் வந்தா அவுக வர மாட்டாக மேடம்” என்றாள்.

“ஏன்?”

“அது அப்படித்தான்.”

மதுரைக்கு அவர் வந்ததுண்டா என்று கேட்டேன். ஒரு தடவைகூட இல்லையாம். குழந்தை வீட்டுக்கு வந்திருக்கிற நாட்களில்? அவர் பெரியவளைக் கூட்டிக்கொண்டு இரண்டு தெரு தள்ளி இருக்கும் தன் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுவாராம். எட்டு மாதமாக இப்படித்தான். என் நோட்டில் ‘கணவன் மனைவி பேச்சுவார்த்தை இல்லை. தந்தை குழந்தையை ஒதுக்குகிறார்’ என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். அந்தப் பக்கத்தை நான் இன்னும் கிழிக்கவில்லை. அவ்வப்போது பார்த்துக்கொள்வது எனக்கு நல்லது.

நான் சிவகாசியில் பிறந்தவள் என்பதை இங்கே சொல்ல வேண்டும். அப்பாவுக்குக் காலண்டர் அச்சாபீஸ். சித்தப்பாவுக்குப் பட்டாசுக் கம்பெனி. ஆயுத பூஜைக்கு எங்களைக் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு கம்பெனிக்குப் போவார்கள். பொட்டல் காட்டில் தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்துக்கு ஒரு வாசல். சுவரில் சிவப்புப் பெயிண்டில் ‘ஆள் 4’ என்று எழுதியிருக்கும். அதற்கு மேல் ஒரு ஆள்கூட அந்த அறைக்குள் இருக்கக் கூடாது என்பது சட்டம். நாங்கள் அந்த அறைகளுக்கு நடுவே ஓடிப் பிடித்து விளையாடியிருக்கிறோம். பொரிகடலை எப்போது தருவார்கள் என்பதைத் தவிர வேறு எதையும் நான் அங்கே யாரிடமும் கேட்டதில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை குழந்தையின் அப்பா மட்டும் வந்தார். ஒல்லியான மனிதர். பட்டாசுக் குழாய்களில் வெடிமருந்து நிரப்புகிற வேலை. வெளிக்குழாயில் முழங்கை வரை கழுவிவிட்டு வந்தும் நகக்கண்ணில் வெள்ளிப் பொடி மினுங்கியது. என் எதிரே இருந்த நாற்காலியை விட்டுவிட்டு, கதவோரம் இருந்த ஸ்டூலில், ஒரு கால் வெளியே இருக்கிற மாதிரி உட்கார்ந்தார். எப்போது எழுந்து ஓடலாம் என்று பார்க்கிறார் என நினைத்தேன். வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

“எட்டு மாசத்துல ஒரு நாள்கூட மதுரைக்குப் போகணும்னு தோணலையா உங்களுக்கு?”

“இல்ல மேடம்.”

“பிள்ளை உங்களைத் தேடுது. தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சும் ரெண்டு தெரு தள்ளிப் போய்ப் படுத்துக்கிறீங்க. அது என்ன பாவம் பண்ணுச்சு? அந்த ஊசி போடலைன்னா என்ன ஆகும்னாவது தெரியுமா?”

அவர் கட்டைவிரலால் மற்ற விரல்களின் நகங்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, “கம்பெனி வேன் போயிரும். வாரேன் மேடம்” என்று எழுந்து போய்விட்டார். குடும்ப ஆலோசகர் செய்யக் கூடாதவை என்று எங்களுக்குப் படிக்கும்போது ஒரு பட்டியல் தருவார்கள். அதில் பாதியை ஐந்து நிமிஷத்தில் செய்து முடித்திருந்தேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. ஒரு வெள்ளி போனது, இன்னொரு வெள்ளியும் போனது. போன் அடித்தால் எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மதுரையிலிருந்து டாக்டர் கூப்பிட்டார். குழந்தையை ஊசிக்குக் கூட்டிவரவே இல்லையாம். “அடுத்ததுக்கு அடுத்த செவ்வாய் வரைக்கும் பாக்கலாம். அதுக்கு மேல தள்ள முடியாது” என்றார். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் முன்பு ஆஸ்பத்திரி வரையாவது வந்துகொண்டிருந்த பிள்ளை இப்போது அதுவும் வரவில்லை, காரணம் நான்தான். எனக்குப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாத்தூர் போய், அங்கிருந்து பஸ் மாறி அவர்கள் ஊருக்குப் போனேன். வழி நெடுக ரோட்டின் இரண்டு பக்கமும் காய்ந்த கரிசல் காடு, வேலிக்கருவை, அதற்கு நடுவே கம்பெனி அறைகள். லீவு நாள் என்பதால் ஆட்களை ஏற்றிப்போகும் வேன்கள் வரிசையாக நின்றன. ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த அறைகளைப் பார்த்துக்கொண்டே போனவளுக்குத் திடீரென்று புரிந்தது. ஒவ்வொன்றும் ஒரு சாண் தள்ளி வைத்த தீப்பெட்டி. அந்தப் பெண் எனக்கு வீட்டைச் செய்து காட்டவில்லை, கம்பெனியைச் செய்து காட்டியிருக்கிறாள். சித்தப்பாவின் கம்பெனியில் ஓடி விளையாடிய எனக்கு அது கண்ணில் படவே இல்லை.

அம்மா என்னைப் பார்த்ததும் கோபப்படுவாள் என்று நினைத்தேன். “வாங்க மேடம், வெயில்ல வந்திருக்கீக, மொதல்ல தண்ணி குடிங்க” என்றாள். சின்னவள் உள்ளே டிவி முன்னால் தூங்கிக்கொண்டிருந்தாள். வாசல் நிழலில் உட்கார்ந்தோம். நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

“உங்க ரெண்டு பேருக்கும் சண்டையா?”

அவள் சிரித்தேவிட்டாள். “சண்டையா? நாங்க எதுக்கு மேடம் சண்டை போடுறோம்? நீங்க சிவகாசிதான? ஒங்களுக்குத் தெரியாதாக்கும்?”

பிறகு அவளே சொன்னாள். “கம்பெனில புருசனும் பொண்டாட்டியும் ஒரே ரூமுல உக்கார மாட்டோம். ஒரே வேன்ல கூட போக மாட்டோம். அவுக மொத வேனு, நான் ரெண்டாவது வேனு. ஏதாவது ஒண்ணுன்னா பிள்ளைகளுக்கு ஒராளாவது மிஞ்சணும்ல. எங்க அக்காவும் மச்சானும் அப்படித்தான் இருந்தாக. ஒரு வருசம் சீசன் நேரம், ஆர்டர் நெறைய, ஆளு பத்தலன்னு ஒரே ஒரு நாள் சேந்து உக்காந்தாக.”

அத்தோடு நிறுத்திக்கொண்டாள். தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து அந்தத் தங்கச்சி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போன பதினாலு வயசுப் பெண்ணைக் கையால் காட்டினாள். பெரியவள், பெரியவள் என்று அவர்கள் சொன்னதால் மூத்த மகள் என்று நான் எழுதி வைத்திருந்த பெண்.

“அவ எங்க அக்கா மக. அப்ப ரெண்டாப்பு படிச்சா.”

அவள்தான் மேலே பேசினாள். “இது ஒட்டுற நோயில்லன்னு டாக்டரு சொல்லிட்டாக. வெவரம் தெரியாம இல்ல மேடம். ஆனா எங்களுக்கு வேற பழக்கம் இல்லையே. ஆபத்துன்னா ஆளு பிரிஞ்சு நிக்கணும். ஒராளு இவகூட உள்ள, ஒராளு அவகூட வெளிய. மொத நாளு ஆஸ்பத்திரில சேக்கச் சீட்டு எழுதுனப்பவே நாங்க பேசிக்கிட்டோம், அவுக வெளிய நிக்கதுன்னு. பெரியவளுக்கு ரெண்டாந்தடவ ரெண்டு பேரும் இல்லாமப் போயிரக்கூடாதுல்ல.”

“இது சின்னவளுக்குத் தெரியுமா?”

அவள் முகம் மாறியது. “அக்கா செத்ததைப் பத்தி நாங்க வீட்டுல பேசுறதே இல்ல.”

“அப்ப அது என்ன நினைச்சிருக்கும்? தான் இருக்கிற இடத்துல அப்பா இருக்க மாட்டார்னுதானே நினைக்கும்?”

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு, “மூணு மாசத்துக்கு முந்தி கேட்டா மேடம். நான் வெடிக்கிற ரூமாம்மான்னு கேட்டா. காய்ச்சல்ல ஒளறுதான்னு நெனச்சேன்” என்றாள். இருவரும் அழுதோம். அழக் கூடாது என்பதும் அந்தப் பட்டியலில் உண்டு.

அவரைத் தேடித் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் செயின் மாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வேட்டியை இறக்கிவிட்டார்.

“நான் அன்னைக்குப் பேசினது தப்பு. தெரியாமப் பேசிட்டேன்” என்றேன்.

“நீங்க கேட்டது நாயந்தான் மேடம். எம்புட்டு நாளைக்குத்தான் பிள்ளைய விட்டு இப்படி நிக்கது. எனக்கும் ராத்திரியெல்லாம் அவ மூஞ்சிதான்.”

“வெள்ளிக்கிழமை நாலு பேரும் வாங்க. இதை நீங்கதான் அவகிட்ட சொல்லணும். நான் சொன்னா அது கதை. நீங்க சொன்னாத்தான் அவ நம்புவா.”

அவர் கையில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். பிறகு தயங்கித் தயங்கி, “அந்த ரூமுல ஒரு கதவுதான மேடம்” என்றார்.

கோபக்காரிக்கு அன்றைக்குத்தான் கொஞ்சம் புத்தி வந்திருந்தது. “பின்னாடி ஒண்ணு இருக்கு. பீரோ மறைச்சுக்கிட்டு நிக்குது. நகர்த்தி வைக்கிறேன்” என்றேன்.

“அப்ப வாரேன்” என்றார்.

அந்தப் பீரோவை நகர்த்த வாட்ச்மேனும் நானும் பட்ட பாடு தனிக்கதை. உள்ளே பத்து வருஷக் காகிதம். முதலில் அதை எல்லாம் இறக்கினோம். கதவின் தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகியிருந்தது. தேங்காய் எண்ணெய் விட்டுத் தட்டித் தட்டித் திறந்ததும் பின்பக்கத்து வேப்பமரமும் காற்றும் உள்ளே வந்தன. இத்தனை வருஷமும் அந்த அறையில் புழுக்கத்தில் உட்கார்ந்துகொண்டு மின்விசிறியைத் திட்டியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணி பஸ்ஸில் அம்மாவும் சின்னவளும் வந்தார்கள். அடுத்த பஸ்ஸில் அவரும் பெரியவளும் வந்தார்கள். அவர் நேராகப் பின்கதவுக்குப் போய், காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க வெளியிலிருந்து ஒரு கல்லை எடுத்து அண்டக் கொடுத்தார். அதன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். முன்கதவோரம் பெரியவள். நடுவில் அம்மா. அம்மாவின் மேல் சாய்ந்துகொண்டு, அப்பாவையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு சின்னவள்.

நான் நோட்டைத் திறந்தேன். இரண்டு நாளாக யோசித்து எழுதிய கேள்விகள் இருந்தன. தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் கேள்வியை ஆரம்பித்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவர்களைப் பார்த்தார், ஒவ்வொருவராகப் பார்த்தார், கடைசியில் அவர் பார்வை என்னிடம் வந்து நின்றது.

“மேடம், தப்பா நெனைக்காதீக.”

“சொல்லுங்க.”

“ஒரு ரூமுக்கு நாலு பேருதான். இப்ப அஞ்சு பேரு இருக்கோம்.”

பெரியவள் களுக்கென்று சிரித்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. என் அறை, என் நேரம், பீரோவை நகர்த்திப் பிடித்துக்கொண்டது என் இடுப்பு. பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் வேடிக்கை பேசவில்லை. வந்துவிட்டார், பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார், இனி பேச வேண்டும். அதற்கு அந்த அறை அவருக்குச் சரியாக இருக்க வேண்டும். நோட்டை மூடி எடுத்துக்கொண்டு வெளியே வராண்டாவுக்கு வந்தேன்.

வராண்டாவில் ஒரு பெஞ்சு உண்டு. உட்கார்ந்தேன். காரியாபட்டியிலிருந்து பட்டா மாறுதலுக்கு வந்த ஒருவர் பக்கத்தில் அமர்ந்து, தாலுகா ஆபீஸில் தன்னை அலைக்கழித்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தலையை ஆட்டிக்கொண்டே காதை உள்ளே வைத்திருந்தேன். அப்பாவின் குரல் தாழ்வாக, நிறுத்தி நிறுத்திக் கேட்டது. பெரியம்மா என்ற சொல் வந்தது. பெரியவள் தேம்புவது கேட்டது. அம்மா என்னவோ சொல்லி அவளைச் சமாதானப்படுத்தினாள். அதற்குப் பிறகு வெகு நேரம் அவர் குரல் மட்டும்தான்.

திடீரென்று சின்னவளின் குரல் தெளிவாக வந்தது. “அப்ப நான் இருக்கதுனால இல்லையா?”

“இல்ல தாயி. ஒன்னால இல்ல.”

“எம்மேல கோவம் இல்லையா ஒங்களுக்கு?”

அதற்கு அவர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. நாற்காலி சிமெண்டுத் தரையில் இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது. பின்கதவிலிருந்து உள்ளே வரைக்கும் இழுபட்டது. பட்டா மாறுதல்காரர், “என்னம்மா, தாசில்தாரை நெனச்சா அழுகை வருதா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

முக்கால் மணி நேரம் கழித்து அம்மா என்னை உள்ளே கூப்பிட்டாள். நான் நிலைப்படியிலேயே நின்றுகொண்டேன். சின்னவள் அப்பாவின் முழங்காலுக்கு இடையில் நின்றிருந்தாள். அவர் அவள் தலைத்துணியை அவிழ்த்துத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார். பழக்கமில்லாத கை, கோணலாகக் கட்டியிருந்தது. எங்களுக்கு முன்னால் டாக்டர் சொன்ன செவ்வாய்க்கிழமை இருந்தது. ஊசிப் பேச்சை எப்படி எடுப்பது என்று நான் யோசிப்பதற்குள் சின்னவளே எடுத்தாள்.

“ஊசி போடுற ரூமுல டாக்டரு, நர்ஸம்மா, நான். மூணு பேரு” என்று விரலை மடக்கினாள். “இன்னும் ஒராளு இருக்கலாம்.”

மடக்காமல் வைத்திருந்த நாலாவது விரலை ஒரு தடவை பார்த்தாள்.

“அம்மாவும் அக்காவும் வெளிய இருக்கட்டும்” என்றாள். அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

எட்டு மாதமாக வெளியே நிற்பதற்கென்று இருந்த மனிதர் அவர். கட்டைவிரல் நகங்களைத் தேய்க்க ஆரம்பித்தது. அம்மாவைப் பார்த்தார். பெரியவளைப் பார்த்தார். பெரியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “போங்க சித்தப்பா. நான் சித்திகூட இருக்கேன்” என்றாள்.

“அந்த ரூமுல எத்தன கதவு தாயி?” என்று சின்னவளிடம் கேட்டார்.

“ஒண்ணுதான்.”

அவர் அவள் தலைத்துணியின் முடிச்சை இறுக்கினார்.

“சரி. வாரேன்” என்றார்.

செவ்வாய்க்கிழமை அவர் உள்ளே போனார்.